தில்லி மாடியில் ஒரு பாலைவன ரோஜா

பிப்ரவரி மாதத்தில் தில்லி நகரம் முழுவதும் டேலியாவும் பெட்யூனியாவும் பூத்துக் குலுங்க, ராஷ்டிரபதி பவனத்துத் தோட்டத்தைக் காண ஜனங்கள் வரிசையில் நிற்கிற அதே நாட்களில், எங்கள் வீட்டு மூன்றாம் மாடியின் மேற்குப் பால்கனியில், சேனைக்கிழங்கைப் பாதி புதைத்து வைத்தாற்போல் பருத்த ஒரு தண்டு, இலையும் பூவும் இன்றி மண்தொட்டியில் வெறுமனே நின்றுகொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், “பட்டுப்போனதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்பதுண்டு. நான் வாதாடுவதில்லை, மே மாதம் வாருங்கள் என்பேன்.

மே மாதத்தில் கதை மாறிவிடும். ராஜஸ்தான் பக்கமிருந்து ‘லூ’ என்னும் அனற்காற்று வீச ஆரம்பித்து, பிப்ரவரியின் அந்தப் புஷ்ப வைபவமெல்லாம் சருகாகிக் குப்பைக்குப் போய், பால்கனிக் கம்பியைத் தொட்டால் கை சுடுகிற பிற்பகலில், இந்தச் செடி மட்டும் கிளை நுனிதோறும் இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். நர்சரிக்காரர்கள் இதை அடீனியம் என்பார்கள். பாலைவன ரோஜா என்பது செல்லப் பெயர். ரோஜாவுக்கும் இதற்கும் எவ்வித உறவும் கிடையாது.

உறவு அரளியோடுதான். இதற்கு முதலில் வைத்த பெயரிலேயே அந்த உறவு இருக்கிறது. டென்மார்க் அரசர் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவொன்று 1761-ஆம் ஆண்டு கோபன்ஹேகனிலிருந்து அரேபியாவுக்குப் புறப்பட்டது. நம்முடைய தரங்கம்பாடியை அந்நாளில் ஆண்டுகொண்டிருந்த அதே டென்மார்க்தான். குழுவில் தாவர சாஸ்திரியாகச் சென்ற பேட்டர் ஃபோர்ஸ்கோல், தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணாக்கர், 1763-இல் ஏமன் நாட்டிலேயே காய்ச்சலில் மாண்டார், வயது முப்பத்தொன்று. புறப்பட்ட அறுவரில் ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபுர் ஒருவர் மட்டுமே. அவர் தம் நண்பரின் குறிப்புகளைத் தொகுத்து 1775-இல் வெளியிட்ட நூலில்தான் இந்தச் செடி முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் பெற்றது. லத்தீனில் அமைந்த அந்தப் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் ‘கொழுத்த அரளி’ என்று வரும். பின்னர் 1819-இல் இதனை அரளியினின்று பிரித்துத் தனிப் பேரினமாக்கி, அடீனியம் என்று பெயரிட்டார்கள். ரோஜா என்ற அலங்காரத்தைக் காட்டிலும் ஃபோர்ஸ்கோல் சூட்டிய பெயரே பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம்.

அரளியின் குடும்பம் பெரியது. நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, வெட்பாலை, தில்லிச் சாலைகளில் வரிசையாக நிற்கும் ஏழிலைப்பாலை எல்லாம் அதைச் சேர்ந்தவையே. பாலை என்பது மரத்தின் பெயர் மட்டுமன்று, திணையின் பெயருங்கூட; அந்தப் பாலைக்கெனத் தனி நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே அது என்றார் இளங்கோவடிகள். யமுனைக் கரையும் ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியிலிருந்து இரண்டு மாத காலம் அப்படித்தான் திரிகிறது. ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட பிரதேசங்களிலும் தென் அரேபியாவிலும் பிறந்த செடிக்கு, அந்த இரண்டு மாதங்களில் தில்லி பிறந்த வீடு மாதிரி.

சிரமம் மற்ற மாதங்களில்தான். தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தின் ஏட்டில் 1944 மே 29-ஆம் தேதி 47.2 டிகிரி வெப்பமும், 1935 ஜனவரி 16-ஆம் தேதி உறைநிலைக்கும் கீழே 0.6 டிகிரி குளிரும் பதிவாகியிருக்கின்றன. முதல் எண்ணைக் கண்டு இந்தச் செடி அஞ்சாது. இரண்டாவது அதற்கு யமன். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினாலே இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போய்விடும். உறங்கும்போது வேர் நீரை உறிஞ்சுவதில்லை. உறிஞ்சாத நீர் தொட்டியில் தேங்க, வேர் அழுகி, அழுகல் அடித்தண்டுக்கு ஏறுகிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. நான் முதன்முதலில் வாங்கிய செடியை, குளிர் தாங்காதே என்ற இரக்கத்தில் கூடத்து மூலையில் கொண்டுவந்து வைத்து, இலை உதிர்வதைப் பார்த்துத் தாகம் போலும் என்று தீர்மானித்து, மூடுபனி விலகாத ஜனவரி முழுவதும் இரண்டு நாளைக்கொரு முறை நீர் வார்த்தேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தபோது, கனிந்து போன சப்போட்டாவில் பதிவதுபோல் விரல் உள்ளே போயிற்று.

அந்தப் பருத்த அடித்தண்டு வேறொன்றுமில்லை, செடி தனக்கென்று கட்டிக்கொண்ட தண்ணீர்த் தொட்டி. அதை விரலால் அழுத்திப் பார்ப்பதே வைத்தியம் முழுவதும். கல்லுப்போல் இருந்தால் சௌக்கியம். சுருங்கியிருந்தும் உறுதியாக இருந்தால் தாகம். குளிர்காலத்தில் அந்தச் சுருக்கத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கொழகொழவென்றிருந்தால் அழுகல்; உடனே பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை கத்தியால் சீவி, காயம் உலரும்வரை சில நாள் நிழலில் கிடத்தி, புதுக் கலவையில் நட்டால் சில வேளை பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாவது செடியை விற்ற தோட்டக்கார மாலி, வயதானவர், என் கதையைக் கேட்டுவிட்டு, “பாபூஜி, நீங்கள் செடி வைத்தது மண்ணில், இதற்கு மண்ணே கூடாது” என்றார். அவர் சொன்னபடி, தில்லிக் கொத்தனார்கள் பதர்பூர் என்று அழைக்கும் பருமணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு என்று கலந்து, அடியில் துளையுள்ள, ஆழமில்லாத அகன்ற மண்தொட்டியில் நட்டேன். வார்த்த நீர் அந்த நிமிஷமே கீழே இறங்கிவிட வேண்டும். அது ஒன்றே கலவைக்குப் பரீட்சை.

பாலைவனச் செடியாயிற்றே, தண்ணீரே வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் புதுத் தளிர் விடும்போது நீர் கேட்கும். மே மாதத்தில், மேல்மணல் காய்ந்துவிட்டதா என்று பார்த்துத் தாராளமாக ஊற்றினால் அவ்வளவையும் குடிக்கும். மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். 2024 ஜூன் 28-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அத்தகைய நாட்களில் தொட்டியைக் கூரைக்கடியில் இழுத்துவிட வேண்டும். தொட்டியின் கீழே தட்டு வைக்கவே கூடாது.

கிளை வெட்டவும் தொட்டி மாற்றவும் மார்ச் மாதம் ஏற்றது. பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும். ஆகையால் ஒரு கிளையை வெட்டினால் இரண்டு மூன்று நுனிகள் கிளம்பி, பூவும் அந்தக் கணக்கில் பெருகும். தொட்டி மாற்றும்போது அடித்தண்டை ஓரங்குலம் மேலே தூக்கி நட்டால், வருஷத்துக்கு வருஷம் அது வயதான ஆலமரத்தின் அடிபோல் முறுக்கேறி வெளியே தெரியும். வெட்டிய இடத்தில் வடியும் பால் கொடிய விஷம். ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவியது இதைத்தான், இருதயத்தை நிறுத்தக்கூடியது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்பு நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். விசித்திரம் என்னவென்றால், அரளி இலையைத் தின்னும் கட்டைவிரல் பருமனான பச்சைப் புழுவொன்று இந்த இலைகளையும் விஷத்தோடு சேர்த்து இரவோடிரவாக மென்று தீர்த்துவிடும். மருந்து தேட வேண்டாம், கையாலேயே எடுத்துவிடலாம்.

தாய்லாந்திலும் தைவானிலும் உருவாக்கிய அடுக்கிதழ் ரகங்கள் இப்போது தில்லி நர்சரிகளிலும் கிடைக்கின்றன. பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடாவிட்டால், நாளடைவில் அடிச்செடியே மேலோங்கிவிடும். விதையிலிருந்து வளர்த்தால்தான் தண்டு அழகாகப் பருக்கும். ஆட்டுக்கொம்புபோல் ஜோடியாக வரும் காயை, வெடிக்குமுன் நூலால் கட்டி வையுங்கள். இல்லையேல் இரு முனையிலும் பஞ்சுக் குடுமி வைத்த விதைகள் பக்கத்து வீட்டுக்குப் பறந்துவிடும்.

தண்ணீரை எப்போது குறைப்பது என்று பலர் கேட்கிறார்கள். நான் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. தசரா கழிந்த அக்டோபர் இரவுகளில், எங்கள் தெருவில் ஏழிலைப்பாலை மரங்கள் பூத்து, தலை கனக்கச் செய்யும் அந்த வாசனை மூன்றாம் மாடிவரை ஏறி வரும். ஜன்னலைச் சாத்து என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். மறுநாள் முதல் அடீனியத்துக்கு வாரத்துக்கொரு குவளைதான்.