வண்டிக்கும் வளையல் அளவு உண்டு!

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கோ திருப்பதிக்கோ காரில் போயிருக்கிறீர்களா? அப்படியானால் திருப்பாச்சூரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் அது. 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் புதருக்குள் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வாச்சி பட்டதால் சுவாமிக்கு வாசீஸ்வரர் என்று பெயர் வந்ததாம். தல புராணம் அப்படிச் சொல்கிறது. வாச்சி என்பது வேறொன்றுமில்லை. தச்சர் மரம் செதுக்கும் கருவி.

அந்த வாச்சியைப் பிடித்த கைகள்தான் ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் வண்டிச் சக்கரமும் செய்து கொடுத்தன. மரச் சக்கரம் தயாரானதும் இரும்புப் பட்டா போட வேண்டும். பட்டாவைச் சக்கரத்தைவிட ஒரு துளி சிறியதாகவே செய்வார்கள். அதை நெருப்பில் காய்ச்சினால் விரியும். விரிந்த நிலையில் மாட்டித் தண்ணீரைக் கொட்டினால் சுருங்கிக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். அளவு கொஞ்சம் கூடினால் நடுவழியில் கழன்று விழும். அதிகம் குறைந்தால் ஏறவே ஏறாது. மாட்டு வண்டிக்கே இத்தனை கணக்கு என்றால், மணிக்கு நூறு கிலோமீட்டர் பாயும் காருக்கு எத்தனை கணக்கு இருக்க வேண்டும்?

ஆனால் நடப்பதோ வேறு. வீட்டில் வேகமான கார் ஒன்று வந்துவிட்டால் போதும், மறு மாதமே, "சக்கரம் சின்னதாகத் தெரிகிறது. பெரிய அலாய் வீலாகப் போட்டால் பிரமாதமாக இருக்கும்!" என்று பேச்சு எழுகிறது. பிள்ளை சொல்லலாம், மருமகன் சொல்லலாம், காரை ஓட்டுகிற உங்களுக்கே அந்த ஆசை இருக்கலாம். ஆசையில் தவறில்லை. ஆனால் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அந்தக் காரில் போகப் போவது உங்கள் குடும்பம் அல்லவா?

வளையல் கடைக்குப் போனால் என்ன செய்கிறீர்கள்? நிறத்தைப் பார்த்து மயங்கி உடனே வாங்கிவிடுகிறீர்களா? "இரண்டே கால் அளவு கொடுங்கள்", "இரண்டரை கொடுங்கள்" என்றுதானே கேட்கிறீர்கள்! சக்கரமும் அப்படித்தான். என்ன வித்தியாசம் என்றால், வளையலுக்கு ஓர் அளவு. சக்கரத்துக்கு ஐந்தாறு அளவுகள். அத்தனையும் பொருந்த வேண்டும்.

சோழவரம் சொல்லும் பாடம்

திருவள்ளூர் வட்டாரத்துக்கு மோட்டார் வாசனை புதிதல்ல. கும்மிடிப்பூண்டிக்குப் போகும் சாலையில் இருக்கிற சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், 1950-களிலிருந்து பல வருஷங்கள் மோட்டார் பந்தயம் நடந்தது. திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1998-ல் மிட்சுபிஷி லான்சர் கார் வெளிவந்தது. வேகப் பிரியர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்தக் கார் இப்போது உற்பத்தியில் இல்லை. ஆனாலும் அதைப் பொன்போல் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே பெயரில் லான்சர் எவொல்யூஷன் என்ற அதிவேகக் கார் 2010-ல் ஜப்பானிலிருந்து இறக்குமதியாகி நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. பெயர் ஒன்று என்பதால் சக்கரமும் ஒன்றாகிவிடுமா? திருவள்ளூர் லான்சரின் சக்கரத்துக்கு நான்கு நட்டுகள், எவொல்யூஷனுக்கு ஐந்து. அக்காள் வளையல் தங்கைக்குச் சேராத கதைதான்!

மோட்டார் பந்தயத்தில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பெரிய வீரராக இருந்தாலும், வண்டியைப் பரிசோதனை செய்து அதிகாரிகள் சரி என்று சொன்ன பிறகுதான் களத்தில் இறங்கலாம். எதிரே வண்டி வராத பந்தயக் களத்துக்கே இந்தக் கட்டுப்பாடு. லாரியும் பஸ்ஸும் ஆடும் மாடும் எதிர்ப்படுகிற சாலைக்கு நாம் பரிசோதனை இல்லாமல் புறப்படலாமா?

டயரின் ஜாதகம்

டயரின் பக்கவாட்டில் அதன் ஜாதகமே எழுதியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி, 2021-ல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் காரை எடுத்துக்கொள்வோம். அதன் டயரில் 195/55 ஆர்16 என்று இருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது டயர்ச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 195-ல் 55 சதவிகிதம் சுமார் 107 மில்லிமீட்டர். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 214. பதினாறு அங்குல ரிம் என்பது 406 மில்லிமீட்டர். கூட்டினால் சுமார் 621. இதுதான் சக்கரத்தின் முழு உயரம்.

ரிம்மை 17 அங்குலமாக்க ஆசைப்பட்டால், டயர்ச் சுவரைக் குறைத்து முழு உயரத்தைக் காப்பாற்ற வேண்டும். 205/45 ஆர்17 போட்டால் உயரம் 616. ஐந்து மில்லிமீட்டர்தான் குறைவு, பாதகமில்லை. 205/55 ஆர்17 போட்டால் 657 ஆகிவிடும்! சக்கரம் மட்கார்டில் உராயலாம். வேகமானியும் ஏமாற்றும்: முன்பு 80-ல் போகும்போது சரியாக 80 காட்டிய முள், இனி 85-ல் போகும்போதுதான் 80 காட்டும். பழைய உயரத்திலிருந்து இரண்டு, மூன்று சதவிகிதத்துக்கு மேல் விலகாமல் இருப்பதே நல்லது.

கார் செய்கிறவர்களும் இதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். மாருதி ஸ்விஃப்டில் 165/80 ஆர்14 டயரும் வந்திருக்கிறது. 185/65 ஆர்15 டயரும் வந்திருக்கிறது. ரிம்மில் ஓர் அங்குலம் வித்தியாசம். ஆனால் முழு உயரத்தில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான்!

அளவுக்குப் பின்னால் 87வி என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். கடையில் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. கேட்க வேண்டியதோ இதைத்தான். எண், டயர் தாங்கும் பாரம். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். எழுத்து, தாங்கும் வேகம். 'வி' என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர். மேலே சொன்ன 205/45 ஆர்17 டயர் 84 எண்ணிலும் வருகிறது. கூடுதல் பாரம் தாங்கும் ரகமாக 88 எண்ணிலும் வருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. 87 இருந்த இடத்தில் 84 போட்டுக்கொண்டு, ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகத் திருப்பதிக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? டயர் சூடேறிச் சூடேறி, ஒரு நாள் வெடித்துவிடலாம். புதிய டயரின் எண்ணும் எழுத்தும் பழையதற்குக் குறையவே கூடாது.

இரண்டு மில்லிமீட்டர் செய்யும் வேலை

அடுத்தது நட்டுத் துளைகள். எத்தனை துளை என்று எண்ணினால் மட்டும் போதாது. துளைகளின் நடுவே போகிற வட்டத்தின் விட்டத்தையும் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் இதைப் பி.சி.டி. என்பார்கள். ஸ்விஃப்டுக்கும் ஐ20-க்கும் இது நான்கு துளை, 100 மில்லிமீட்டர். ஃபியட் புன்டோவுக்கு நான்கு துளை, 98 மில்லிமீட்டர். இரண்டே மில்லிமீட்டர்தான்! "முடுக்கினால் ஏறிவிடும், அம்மா" என்பார்கள். ஏறித்தான் விடும், ஆனால் கோணலாக ஏறும். கோணலாக ஏறினது அதிர்ந்து அதிர்ந்து தளரும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சக்கரத்தின் நடுத்துளையும் முக்கியம். காரின் ஹப்பில் அது கச்சிதமாக உட்கார வேண்டும். ஐ20-க்கு அந்த அளவு 54.1 மில்லிமீட்டர். வெளிக்கடை அலாய் வீல்களைப் பல கார்களுக்கும் உதவட்டும் என்று பெரிய துளையுடன் செய்கிறார்கள். அப்படியானால் இடைவெளியை அடைக்க அளவான வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வேகம் கூடும்போது ஸ்டீயரிங் கைகளில் நடுங்கும்.

நட்டுகளின் அடிப்பகுதியையும் பாருங்கள். சிலது கூம்பு வடிவம், சிலது பந்து போல் உருண்டை, சிலது தட்டை. சக்கரத்தின் குழி எந்த வடிவமோ, நட்டும் அதே வடிவமாக இருக்க வேண்டும்.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு?

இனி 'ஆஃப்செட்'. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போடுங்கள். அந்தக் கோட்டுக்கும், சக்கரம் ஹப்பில் பதிகிற முகத்துக்கும் உள்ள தூரமே ஆஃப்செட். ரிம்மில் இ.டி.45, இ.டி.40 என்று பொறித்திருக்கும்.

உதாரணமாக, 6 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் 40 ஆஃப்செட்டும் உள்ளதை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். சக்கரம் வெளிப்புறம் சுமார் 18 மில்லிமீட்டர் நீளும். உட்புறம் சுமார் 8 மில்லிமீட்டர் போகும். வெளியே மட்கார்டு, உள்ளே ஷாக் அப்சார்பர். இரண்டு பக்கமும் இடம் இருக்கிறதா என்று அளக்காமல் வாங்கலாமா?

வீட்டு வாசலில் நிற்கும்போது உராயாத சக்கரம், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் உராயலாம். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறினால் உராயலாம். ஆகவே ஆட்களை ஏற்றி, இரண்டு பக்கமும் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய பிரேக் உள்ள காரானால் காலிபருக்கும் ரிம்முக்கும் இடையே இடைவெளி வேண்டும். இதற்கு எளிய உபாயம் ஒன்று: குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறிது உருட்டி, ஆறியிருக்கிற காலிபர் மேல் ஒட்டி, சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, கழற்றிப் பாருங்கள். களிமண் எவ்வளவு கனத்துக்கு நசுங்கியிருக்கிறதோ, அவ்வளவுதான் இடைவெளி. பார்த்தபின் களிமண்ணை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்!

அழகுக்குக் கொடுக்கும் விலை

எல்லா அளவும் பொருந்திவிட்டது. அப்போதும் ஒரு யோசனை பாக்கி. மேலே பார்த்த உதாரணத்தில் டயர்ச் சுவர் 107-லிருந்து 92 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. அந்தச் சுவர்தான் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்கிற மெத்தை. கும்மிடிப்பூண்டி பக்கம் பாரமான லாரிகள் ஓயாமல் ஓடுகிற சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். மழைக்குப் பின் அங்கே பள்ளத்தில் இறங்கினால், மெல்லிய டயரின் பக்கம் புடைத்துக்கொள்ளும், ரிம் வளையும். பக்கம் புடைத்த டயருக்கு வைத்தியமே கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

கனத்தையும் கேளுங்கள். பெரிய ரிம் பெரும்பாலும் கனமான ரிம். வேகமான கார் என்று பணம் கொடுத்து வாங்கிவிட்டு, காலில் குண்டு கட்டி ஓடவிடுவது என்ன நியாயம்?

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆகையால் உங்கள் கார் மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவுக்குள் நின்றுகொள்வது எல்லாவற்றிலும் மேல். மாற்றுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகுமுன்

ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய டயரின் பாரம், வேகம், நட்டு வட்டம், நடுத்துளை, ரிம் அகலம், ஆஃப்செட். இவற்றையும் கார்ப் புத்தகத்திலோ சர்வீஸ் நிலையத்திலோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதிய சக்கரத்தின் அளவுகளைக் கடைக்காரரையே எதிர்ப்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. மளிகைக் கடையில் தேதி பார்த்து மாவு வாங்குகிற உங்களுக்கு இது பெரிய காரியமா?

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சு வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். பாலன்சிங்கும் அலைன்மென்டும் அன்றைக்கே முடியட்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஸ்டெப்னிக்குப் பழைய நட்டுதான் பொருந்தும் என்றால், ஒரு பையில் போட்டு டிக்கியிலேயே வைத்துவிடுங்கள். நடுராத்திரியில் நடுவழியில் கை கொடுக்கும்.

இவ்வளவும் பார்க்க ஒரு மணி நேரம் ஆகலாம். "சக்கரம் வாங்க இத்தனை கேள்வியா?" என்று கடையில் யாராவது சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும்! பட்டுப் புடவைக் கடையில் இதைவிட அதிக நேரம் உட்கார்ந்து, இதைவிட அதிகக் கேள்வி கேட்டவர்கள்தானே நாம்?