பென்சில் கோடு போட்டா கம்ப்யூட்டர் வேகமாகுமா?



கம்ப்யூட்டர் லேப் பக்கம் போனா காதுல விழற ஒரு வார்த்தை 'ஓவர்க்ளாக்கிங்'. கம்பெனி குறிச்சுக் கொடுத்த வேகத்தைவிடக் கூடுதலா பிராசஸரை ஓட வைக்கிறதுக்குத்தான் இந்தப் பேரு. "மதர்போர்டுல இருக்கிற ஒரு குட்டி ரெசிஸ்டர் மேல பென்சிலால கோடு போட்டா இன்னும் நல்லா ஓடும்" என்று சொல்றவங்களும் இருக்காங்க. கேட்க மந்திரம் மாதிரி இருக்கு, இல்லையா? இதுல மந்திரமும் இல்லை, பொய்யும் இல்லை. பத்தாம் வகுப்பு இயற்பியல்தான் இருக்கு! அதோட ஆபத்தும் இருக்கு. ரெண்டையும் பார்ப்போம்.

வேகத்துக்கும் வோல்டேஜுக்கும் என்ன சம்பந்தம்?

டிரில் பீரியடை நினைச்சுக்கோங்க. மாஸ்டர் ஒவ்வொரு விசில் ஊதும்போதும் கை மேலே, அடுத்த விசிலுக்கு கை கீழே. விசில் மெதுவா வந்தா எல்லாரும் சரியா செய்வாங்க. வேகமா ஊத ஆரம்பிச்சா, சிலர் கையைத் தூக்கி முடிக்கிறதுக்குள்ள அடுத்த விசில் வந்துடும். வரிசை குழம்பிப் போகும்.

பிராசஸருக்கு உள்ளே கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இப்படித்தான் டிரில் செய்யுது. விசிலுக்குப் பதிலா 'கிளாக்' துடிப்பு. 1998-ல இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதுக்கு நல்ல உதாரணம். அதோட பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கும் எண் 4.5. ரெண்டையும் பெருக்கினா சுமார் 300. பஸ் வேகத்தை 100 ஆக்கினா? 450 மெகாஹெர்ட்ஸ்! பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-ன் வேகம் அது. நிறைய சிப்புகள் அப்படியே ஓடின. சில சிப்புகள் மட்டும் குறிச்ச 2.0 வோல்ட்டைவிடக் கொஞ்சம் கூடுதலா கேட்டுச்சு. வோல்டேஜ் கூடினா டிரான்சிஸ்டர் சீக்கிரமா மாறும், அடுத்த துடிப்புக்குள்ள வேலையை முடிச்சுடும். அதுதான் காரணம்.

12 வோல்ட் எப்படி 1.2 வோல்ட் ஆகுது?

எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மதர்போர்டுக்கு 12 வோல்ட் தருது. பிராசஸருக்கோ ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாப் போதும். இந்த மாற்றத்தைச் செய்யறது பிராசஸரைச் சுத்தி இருக்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர் பகுதி. அதுல மாஸ்ஃபெட் என்கிற சுவிட்ச், நொடிக்குப் பல லட்சம் தடவை ஆன்-ஆஃப் ஆகுது. பத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் ஆன்ல இருந்தா, சராசரி 1.2 வோல்ட். துண்டு துண்டா வர்ற அந்த மின்சாரத்தை காயிலும் மின்தேக்கிகளும் சீராக்கி அனுப்புது.

வோல்டேஜ் சின்னதுன்னு அலட்சியமா நினைக்காதீங்க. 100 வாட் எடுக்கிற பிராசஸர் 1.25 வோல்ட்ல ஓடினா கரண்ட் எவ்வளவு? 80 ஆம்பியர்! நம்ம வீட்டு 1000 வாட் அயர்ன் பாக்ஸ்கூட 230 வோல்ட்ல நாலரை ஆம்பியருக்குள்ளதான் எடுக்குது.

பென்சில் எங்கே வருது?

இந்தப் பகுதியோட மூளை ஒரு கன்ட்ரோலர் சிப். வெளியே போற வோல்டேஜை ரெண்டு மின்தடைகள் பங்கு போட்டு, ஒரு பங்கை அதுகிட்ட காட்டுது. சிப் அதைத் தனக்குள்ள இருக்கிற அளவுகோலோட ஒப்பிடும். குறைஞ்சா கூட்டும், கூடினா குறைக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். அளவுகோல் 0.8 வோல்ட். மேல் மின்தடை 1000 ஓம், கீழ் மின்தடை 1000 ஓம். அப்போ வெளியே வர்றது 1.6 வோல்ட். இப்ப கீழ் மின்தடைக்குப் பக்க இணைப்பில் ஒரு 10,000 ஓம் மின்தடையை வைக்கிறாங்க. மொத்தம் சுமார் 909 ஓமாகக் குறையும். சிப்புக்குக் காட்டப்படற பங்கும் குறையும். "அடடா, வோல்டேஜ் குறைஞ்சுடுச்சே" என்று சிப் ஏமாந்து, கூட்டிக்கிட்டே போய் 1.68 வோல்ட்ல நிக்கும். இதுதான் 'வோல்டேஜ் மாட்'.

பென்சிலில் இருக்கிறது கிராஃபைட். அது மின்சாரத்தைக் கடத்தும். மின்தடை மேல கோடு போட்டா, பக்க இணைப்பில் இன்னொரு மின்தடை வைச்ச மாதிரிதான். ஆனா கோடு எத்தனை ஓம் என்று கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. கோடு தடிச்சா வோல்டேஜ் எகிறும், அழிஞ்சா இறங்கும். அதனாலதான் விவரமானவங்க மாற்றக்கூடிய மின்தடையை சால்டர் செய்து, அதை அதிகபட்ச ஓம்ல வைச்சுத் தொடங்கி, மல்ட்டிமீட்டரைப் பார்த்துக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா திருப்புவாங்க.

சுமை வந்தா ஏன் வோல்டேஜ் இறங்குது?

சும்மா இருக்கும்போது 1.25 வோல்ட் காட்டற பிராசஸர், கேம் தொடங்கினதும் 1.17 காட்டும். பலர் இதைப் போர்டோட குறைன்னு நினைக்கிறாங்க. உண்மையில் இன்ஜினியர்கள் வேணும்னே வைச்ச சரிவு இது. ஏன் தெரியுமா? வேகமா ஓடற பஸ் திடீர்னு பிரேக் போட்டா நாம முன்னாடி சாயறோம் இல்லையா? அதே மாதிரி 80 ஆம்பியர் கேட்ட பிராசஸர் சட்டுனு வேலையை நிறுத்தினாலும், காயில்ல ஓடற கரண்ட் உடனே நிக்காது. வோல்டேஜ் ஒரு நொடியில் சின்னப் பங்கு நேரம் மேலே துள்ளும். முன்னாடியே 1.17-க்கு இறங்கி இருந்தா, துள்ளினாலும் எல்லைக்குள்ள நிக்கும். பென்சிலால சரிவை முழுசா அழிச்சா சுமையில் நிலையா ஓடும்தான். ஆனா துள்ளல் எல்லை தாண்டும். மல்ட்டிமீட்டர்ல அது தெரியாது, ஆசிலாஸ்கோப் வேணும்.

இப்போதைய பல மதர்போர்டுகளில் இந்தச் சரிவை பயாஸ்லேயே படிப்படியா மாற்றலாம். பென்சிலுக்கும் சால்டருக்கும் வேலை ரொம்பவே குறைஞ்சுடுச்சு.

ஹேங் ஆகலைன்னா எல்லாம் சரியா?

இல்லை! இதுதான் முக்கியமான விஷயம். வோல்டேஜ் போதாத பிராசஸர் எப்பவும் நின்னு போகாது. சில நேரம் தப்பான விடை சொல்லிட்டு ஓடிக்கிட்டே இருக்கும். மார்க் லிஸ்ட்ல ஒரு எண் மாறலாம், போட்டோ கெட்டுப்போகலாம். யாருக்கும் தெரியாது. அதனாலதான் பகா எண் தேடற பிரைம்95 மென்பொருளைச் சோதனைக்கு ஓட விடறாங்க. விடை ஏற்கெனவே தெரிஞ்ச கணக்குகளைக் கொடுத்து அது சரிபார்க்கும். ஒரே ஒரு விடை தப்பினாலும் அந்த வேகம் நிலையானது இல்லை.

விலை என்ன?

வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 5 சதவீதம் வோல்டேஜ் கூட்டினா வெப்பம் சுமார் 10 சதவீதம் கூடும். அதுக்கு மேல வேகத்தைக் கூட்டினதுக்கான வெப்பம் வேற! சிப்போட ஆயுளும் குறையும். 2024-ல இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, ஓவர்க்ளாக் செய்யாமலேயே தடுமாறின. தேவைக்கு அதிகமா வோல்டேஜ் கேட்டதுதான் காரணம் என்று இன்டெல்லே அறிவிச்சு, 1.55 வோல்ட்டுக்கு மேல கேட்காதபடி மைக்ரோகோடை மாத்தினாங்க, வாரண்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. ஆனா ஏற்கெனவே பழுதான சிப்பை எந்த மைக்ரோகோடாலும் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

நாம என்ன செய்யலாம்?

பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனா, பிளக்கைக் கழட்டிட்டு, ஆசிரியரோட மதர்போர்டைப் பாருங்க. பிராசஸர் பக்கத்துல இருக்கிற மின்தேக்கிகளோட தலை தட்டையா இருக்கணும். உப்பியோ கசிஞ்சோ இருந்தா வோல்டேஜ் சீரா போகாது. 2000-க்கு முன்னும் பின்னும் வந்த போர்டுகள் ஏராளமா இந்த நோயால செத்திருக்கு. தூசி, நின்னு போன ஃபேன் இதையும் கவனிங்க.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கிற பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல இருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது அங்கேயே காத்திருக்கும்!

மூளைக்கு வேலை: மேலே போட்ட கணக்குல 10,000 ஓமுக்குப் பதிலா 5,000 ஓம் வைச்சா எவ்வளவு வோல்ட் வரும்? வெப்பம் எத்தனை சதவீதம் கூடும்? பேப்பர்ல போட்டுப் பாருங்க. பேப்பர்ல தப்பினா ரப்பர் போதும். போர்டுல தப்பினா புதுப் போர்டு வாங்கணும்.

விடை: 1.76 வோல்ட், 21 சதவீதம்.