எதிர்வெயில் நாரை

வேடந்தாங்கலுக்குப் போய்வந்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சாயங்காலம் எடுத்த படங்களில் கூழைக்கடா, நாரை, கொக்கு எல்லாமே காக்கை நிறத்தில் விழுந்திருக்கின்றனவாம். புதுக் கேமரா வாங்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். சூரியனைப் பார்த்து எடுத்தால் எந்தக் கேமராவிலும் அப்படித்தான் விழும். பறவையின் நிறத்தை மீட்க வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுத்துப்போகும். அந்த நேரத்தில் நிறத்தைக் கைவிட்டு உருவத்தைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். பெரும்பாலான செல்போன்களில் வானத்தின் மீது விரலை அழுத்தி வைத்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வானத்தின் செம்மை கூடும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

பழுத்த சூரியன் படத்தையே அடைத்துக்கொண்டிருக்க, குறுக்கே ஒரு பறவை போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது லென்ஸ் செய்யும் வேலை. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம்தான், உச்சியிலும் அடிவானத்திலும். லென்ஸின் குவியத் தொலைவைச் சுமார் 110 ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் விட்டம் வந்துவிடும். 500 மி.மீ. லென்ஸுக்கு நாலரை மி.மீ., அதாவது 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. செல்போனில் வெறும் புள்ளி. அவகாசமும் குறைவு: நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், அடிவானத்தைத் தொட்டபின் முழுசாக மறைய இரண்டு நிமிடம் சொச்சம்தான். ஒரு எச்சரிக்கை. டி.எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவின் வ்யூஃபைண்டரில் கண் வைத்துச் சூரியனைத் தேடாதீர்கள், கண்ணே போய்விடும். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுங்கள்.

நிறம் போனபின் எது எந்தப் பறவை? கழுத்தைப் பாருங்கள். கொக்கு இனம் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். நாரையும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் நீட்டிப் பறக்கும். (சாம்பல் நாரையைப் பெயரை வைத்து நம்பிவிடாதீர்கள், அது கொக்குக் குடும்பம்.) கூழைக்கடாவும் கழுத்தை மடிக்கும்தான், ஆனால் அந்த அலகைப் பார்த்தபின் சந்தேகத்துக்கு இடமில்லை.

எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகிவிடுவதும் இல்லை. சின்ன வயதில் திருவிழாவில் தோல்பாவைக்கூத்துத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறேன். கையில் பிடித்தால் மங்கலாகக் கிடக்கும் ஆட்டுத்தோல், பின்னால் விளக்கு இருந்தால்தான் சிவப்பும் பச்சையுமாக எரியும். வெள்ளைக் கொக்கின் இறக்கையும் அப்படித்தான். உடம்பு கறுத்துவிடும், இறகுகள் ஒளியை உள்ளே விடும். இறகின் மேல் இறகு படிந்த இடம் பட்டையாக இருண்டு, ஒற்றை இறகாக இருக்கும் இடம் பொன்னாகத் தெரியும். ஒரு இறகு உதிர்ந்திருந்தால் அந்தச் சந்தும் தெரியும். கூழைக்கடா அலகைத் திறந்தால் தொங்கும் பையில் ரத்த நாளங்களையே பார்க்கலாம்.

இருந்தாலும் என் ஓட்டு நத்தை குத்தி நாரைக்கு. பகலில் பார்த்தால் சாம்பல் கலந்த வெள்ளையில் கொஞ்சம் அழுக்கேறிய பறவை, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. சூரியன் அதன் பின்னால் இறங்கட்டும். அலகின் அடியும் நுனியும் சேர்ந்திருக்க, நடுவில் மட்டும் அரை சென்டிமீட்டர் அளவில் ஒரு சந்து. அதன் வழியே செவ்வானம் தெரியும். வாயை இறுக மூடினாலும் மூடாத அலகு.

இது எதற்கு என்பதில் பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். நத்தையை இடுக்கி ஓட்டை உடைக்கத்தான் என்று 1960இல் வாதிட்டவர் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி. அது சரியில்லை என்று காட்டியது 1971இல் வந்த பிலிப் கால் என்பவரின் ஆய்வு. நாரை ஓட்டை உடைப்பதே இல்லை. கீழ் அலகின் நுனியை நத்தையின் வாய்க்குள் செருகி, சதையை ஓட்டோடு பிடித்து வைத்திருக்கும் தசையை அறுத்து, முழுசாக உருவி எடுத்துவிடுகிறது. பெரும்பாலும் தண்ணீருக்கு அடியிலேயே வேலை முடிந்துவிடுவதால் பார்ப்பவருக்குப் பிடிபடுவதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தப் பறவை நத்தையை எடுத்துவிடும் என்று அந்த ஆய்வுக்கு நூறு ஆண்டுகள் முன்பே மதராஸ் ராணுவ மருத்துவர் ஜெர்டன் எழுதிவைத்திருக்கிறார். கீழ் அலகின் நுனி பல பறவைகளில் வலப்பக்கம் சற்றுத் திருகியிருக்கும், நத்தையின் சுருளும் வலஞ்சுழிதான். நடுவில் சந்து இருப்பதால் நுனியில் பிடி இறுகுகிறது என்பது இப்போதுள்ள விளக்கம்.

இந்தச் சந்தைப் படம்பிடிக்கப் பறவை பக்கவாட்டில் திரும்ப வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கத்தான் ஆளில்லை. ஏரிக்கரையில் நின்று கைதட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள், கூட்டமாக எழும்பினால் படம் நன்றாக வருமாம். பெற்ற பறவை எழும்பிய கூட்டில் முட்டைக்குக் காக்கை காத்திருக்கும். இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுப்பதும் அந்தப் பறவைதான். 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் இந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கிய ஊர் வேடந்தாங்கல். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. லட்ச ரூபாய் லென்ஸோடு வருகிறவருக்கு அது தெரியவில்லை. சாயங்காலம் பறவைகள் தாமாகவே திரும்பி வரும் நேரம் வேறு. எதற்குக் கைதட்டல்?

சந்து பிறவியிலேயே வருவதில்லை. குஞ்சின் அலகு மற்ற நாரைகளைப் போல மூடியே இருக்கும், வளர வளரத்தான் விலகும். பருவத்தின் கடைசியில், வளர்ந்த குஞ்சும் பெரியதும் ஒரே கூட்டில் நிற்கும்போது, இரண்டு அலகையும் ஒரே படத்தில் எதிர்வெயிலில் காட்டிவிடலாம். எனக்கு இன்னும் அமையவில்லை. பெரியது ஒழுங்காகத்தான் நிற்கிறது. குஞ்சுதான் இரை கேட்டுத் தலையைக் கூட்டுக்குள் குனிந்துகொள்கிறது.