அடிக்கும் கலைகள் – 9: பாதி வழியில் மறிக்கும் குத்து

1964-ன் கடைசி மாதங்கள். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், சாத்திய கதவுகளுக்குப் பின்னால் ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் புரூஸ் லீ. எதிரே, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்திருந்த குங்ஃபூ வீரர் வோங் ஜாக் மேன். மூன்று நிமிடங்களில் லீ ஜெயித்துவிட்டார் என்று அவருடைய மனைவி லிண்டா பின்னாளில் எழுதினார். இருபது நிமிடங்களுக்கும் மேலே போனது என்றார் வோங். பார்த்தவர்கள் சிலர்தான், அவர்களும் ஒரே மாதிரி சொல்லவில்லை. அந்த வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, சண்டை முடிந்தபின் லீ இருந்த நிலைதான் இந்தத் தொடருக்கு முக்கியம். அவருக்கு மூச்சு வாங்கியது. ஹாங்காங்கில் இப் மானிடம் அவர் கற்ற விங் சுன், கைக்கெட்டும் தூரத்தில் நின்று நெஞ்சின் நடுக்கோட்டைப் பார்த்து அடுக்கடுக்காகக் குத்தும் கலை. எதிராளி நகர்ந்துகொண்டே இருந்தால் அந்தக் குத்துகள் காற்றில்தான் போகும். தன் கலையை முதலிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு லீ வந்தது இதற்குப் பிறகுதான்.

பிரித்துப் பார்ப்பதற்கு அவர் போன இடங்கள் குங்ஃபூ ஆசான்கள் எட்டிப் பார்க்காதவை. முகமது அலியின் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சி எழுதிய புத்தகத்தைக் கோடு போட்டுப் படித்தார். அண்ணன் பீட்டர் வாள்வீச்சு வீரர் என்பதால் அந்தப் பக்கமும் கண் போனது. அங்கேதான் அவருக்கு வேண்டியது கிடைத்தது.

எதிராளி பாய்ந்து குத்த வரும்போது, அந்தக் குத்து முழுசாக வந்து சேர்வதற்கு முன்பே நம் வாள்முனையை நீட்டி அவரைத் தொட்டுவிடுவது வாள்வீச்சில் ஒரு உத்தி. சாதாரணமாக ஒருவர் முதலில் தடுப்பார், பிறகு அடிப்பார்; அது இரண்டு தாளம். விங் சுன்னில் ஒரு கை தடுக்கும்போதே மறு கை அடிக்கும். அது ஒரு தாளம். லீ அந்த ஒரு தாளத்துக்குள்ளும் முந்தப் பார்த்தார். எதிராளியின் தோள் அசையும்போதே, ஏன், அவர் அடிக்க நினைத்து எடை மாற்றும்போதே தன் அடி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 1967-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கான்டனீஸ் மொழியில் 'ஜீத்' என்றால் மறித்தல், 'குன்' முஷ்டி, 'டோ' வழி. ஜீத் குன் டோ.

நிற்கும் விதமும் மாறியது. வலக்கை வலுவுள்ள குத்துச்சண்டை வீரர் இடக்கையை முன்னால் வைத்து, வலக்கையைக் கடைசி அடிக்காகப் பின்னால் பதுக்குவார். லீ வலக்கையை முன்னால் கொண்டு வந்தார். வலுவான ஆயுதம் இலக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்பது கணக்கு. முன்காலின் பக்கவாட்டு உதை எதிராளியின் முழங்காலுக்கு, நீட்டிய விரல்கள் கண்ணுக்கு. பயிற்சியில் கையுறை, காப்புக் கவசம், நிஜமாக விழும் அடி. அமெரிக்கக் கராத்தே போட்டிகளில் அடியை உடம்புக்கு முன்னாலேயே நிறுத்திப் புள்ளி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. தனியாக நின்று வரிசை பழகுவதைத் தரையில் நீச்சல் கற்பதோடு ஒப்பிட்டார் லீ.

பல கலைகளைக் கலந்து குலுக்கியது என்று ஜீத் குன் டோவைச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. லீ சேர்த்ததைவிடக் கழித்ததுதான் அதிகம்.

1970 ஆகஸ்டில், உடம்பைச் சூடேற்றிக்கொள்ளாமல் எடை தூக்கியதில் முதுகு நரம்பு அடிபட்டது. இனி உதைக்க முடியாது என்றார்கள் மருத்துவர்கள். மாதக்கணக்கில் படுக்கை. அப்போது லீ ஆழ்ந்து படித்தவர் நமக்கு வேண்டியவர்: ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1909-ல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையார் கண்டெடுத்து உலக குருவாக வளர்த்த சிறுவன். 1929-ல் தனக்காகவே கட்டிய அமைப்பைத் தானே கலைத்தவர். வகுத்த பாதை எதுவும் உண்மைக்குக் கொண்டு போகாது என்று அன்று அவர் சொன்னது, படுக்கையில் கிடந்த சண்டைக்காரருக்கு நேரே போய்த் தைத்தது. 1970-ன் தொடக்கத்தில் லீயும் தன் பள்ளிகளை மூடச் சொல்லியிருந்தார். மாணவர்கள் தன் முறையையே வேதமாகப் பிடித்துக்கொள்வார்களோ என்ற கவலை அவருக்கு.

எழுந்து நடந்தார், உதைத்தார். 1972-ல் 'கேம் ஆஃப் டெத்' படத்துக்காகக் கோபுரச் சண்டைகளை எடுத்தார். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கலையின் காவலர். ஒரு தளத்தில் அவருடைய சொந்த மாணவர் டான் இனோசாண்டோ, பிலிப்பைன்ஸ் பிரம்புக் கழிகள் இரண்டோடு. லீ கொண்டு போனதோ வளையக்கூடிய மெல்லிய மூங்கில் குச்சி. கடைசியில் 7 அடி 2 அங்குல உயரக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார். எந்த முறைக்கும் அடங்காத அந்த எதிராளிக்கு வெளிச்சம் ஆகாது என்று கண்டதும், ஜன்னல்களைக் குத்திக் கிழித்து வெயிலை உள்ளே விடுகிறார் லீ. படம் முடியுமுன் 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில் இறந்தார், வயது 32.

லீயின் லாஸ் ஏஞ்சலீஸ் பள்ளி மூடியபின் இனோசாண்டோ தன் வீட்டுக் கொல்லையில் சிலருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து வந்தார். பிறகு அவரே சிலாட், முவே தாய், பிரேசிலிய ஜியூ ஜிட்சு என்று மாணவராகப் போய் உட்கார்ந்தார். லீயின் இன்னொரு மாணவர் டெட் வோங் போன்றவர்கள் அவர் விட்டுச்சென்றதை விட்ட இடத்திலேயே காக்க நினைத்தார்கள். ஒரே ஆசானிடம் கற்ற இவர்கள் இரண்டு கிளைகளாகப் பிரிந்தார்கள்.