பழைய அட்டையைப் பழிக்கும் முன்…

மாணவர்களே, கணினி விளையாட்டு விறுவிறுப்பான கட்டத்தை எட்டும்போது திரை சட்டென்று இருண்டுபோன அனுபவம் உங்களுக்கு உண்டா? ஜொகூர் பாருவில் என் மாணவன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. மாதக்கணக்கில் சேமித்த பணத்தில் பழைய கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றை வாங்கியிருந்தான். காணொளி பார்க்கும்போது கணினி ஒழுங்காக ஓடியது. விளையாடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் கணினியே அணைந்தது. "ஏமாந்துவிட்டேன், சார்" என்று வருந்தினான்.

அவன் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. எத்தீரியம் என்ற மின்னிலக்க நாணயத்தை ஈட்ட, உலகெங்கும் பலர் கிராஃபிக்ஸ் அட்டைகளை இரவு பகலாக ஓட்டினர். 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் தன் செயல்முறையை மாற்றியதும் அந்த வேலை நின்றது. அப்படி உழைத்த அட்டைகள் பல, பழைய பொருள் சந்தைக்கு வந்தன.

ஆனால் சந்தேகம் சான்றாகாது. ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல, ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன்.

அறிகுறி என்ன?

விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால் இயக்கி மென்பொருளைக் கவனியுங்கள். அட்டை சுமார் 2 விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அந்த இயக்கியை மீண்டும் தொடக்கும். அதை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறினால் அட்டையின் நினைவகம் பழுதாகியிருக்கலாம். கணினியே அணைந்தால் வெப்பத்தையும் மின்சாரத்தையும் சோதியுங்கள்.

வெப்பமா?

சில்லுக்கும் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத்துக்கும் இடையே பசை ஒன்று பூசப்பட்டிருக்கும். அது காய்ந்தால் இடையில் காற்று புகும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தூசியும் விசிறியின் வேலையைக் கெடுக்கும். மாணவன் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தான். கணினி அணைந்தபோது 68 பாகை செல்சியஸ்தான். பல அட்டைகள் 80 பாகைக்கு மேலும் தாங்கும். ஆகவே வெப்பம் காரணமன்று.

அட்டையா?

அதே அட்டையை நண்பனின் கணினியில் பொருத்தி, அதே விளையாட்டை ஓட்டினான். இரண்டு மணி நேரம் எந்தச் சிக்கலும் இல்லை!

மின்சாரமா?

இப்போது அவன் கணினியின் மின்வழங்கியைப் பார்த்தோம். அட்டைக்குத் தேவையான 8 முனைச் செருகி அதில் இல்லை. வன்தட்டுக்குரிய சாட்டா செருகியிலிருந்து மலிவான மாற்றிக் கம்பி ஒன்றின் வழியாக மின்சாரம் எடுத்திருந்தான்.

கணக்கிடுங்கள். மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 8 முனைச் செருகி 150 வாட் வரை தரக்கூடியது. 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். சாட்டா செருகியின் 12 வோல்ட் இணைப்பு தாங்குவதோ 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். காணொளிக்கு அட்டை குறைந்த மின்திறனையே இழுக்கும். விளையாட்டில்தான் அதிகம் கேட்கும். அப்போது கம்பி சூடாகும், மின்னழுத்தம் சரியும், கணினி அணையும். செருகி உருகித் தீப்பிடிக்கவும் கூடும்.

போதிய திறனும் சரியான செருகியும் உள்ள மின்வழங்கியை மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. தூக்கி எறிய நினைத்த அட்டை இன்றும் ஓடுகிறது.

பழைய அட்டை வாங்கும்போது, விற்பவரிடம் அரை மணி நேரம் விளையாட்டு ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கம்பிகளைத் தொடும் முன் மின்னிணைப்பைத் துண்டியுங்கள். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.