மேற்கோள் எண்ணுக்கு யார் பொறுப்பு?

மருத்துவ ஆய்விதழ் எதைப் புரட்டினாலும் வாக்கியங்களின் முடிவில் சின்னச் சின்ன எண்கள் தென்படும். கட்டுரையின் கடைசியில் அதே வரிசையில் ஒரு பட்டியல் நிற்கும். சொன்ன செய்தி எந்த ஆய்விலிருந்து வந்தது என்பதை அந்த எண் காட்டுகிறது. பட்டியலில் ஆசிரியர் பெயரை எப்படி எழுதுவது, அரைப்புள்ளி எங்கே வர வேண்டும், பக்க எண்ணை எப்படிச் சுருக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. கட்டுரையை அனுப்பும் அவசரத்தில் இருக்கும் மருத்துவருக்கு இது வெறும் குமாஸ்தா வேலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த விதிகள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. படிப்பவர் மூலத்தைத் தேடிப்பிடித்து, சொன்னது சரிதானா என்று பார்க்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டவை. அந்த நோக்கத்தைக் கைவிட்டு வடிவத்தை மட்டும் காப்பாற்றினால், பிழையான கருத்துக்கும் ஆய்வின் மதிப்பு கிடைத்துவிடுகிறது.

இன்று பெரும்பாலான மருத்துவ ஆய்விதழ்கள் பின்பற்றுவது வான்கூவர் முறை. 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு வெளியான அவர்களுடைய பொது விதிகளில், மேற்கோளுக்கான வடிவத்தை வகுத்துத் தந்தது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம். கட்டுரையில் முதலில் வரும் மேற்கோளுக்கு எண் 1, அடுத்ததற்கு 2. அதே மூலம் மீண்டும் வந்தால் பழைய எண்ணே. காசநோயாளிகளுக்கு வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இணையான பலன் கிடைக்கும் என்று காட்டிய புகழ்பெற்ற சென்னை ஆய்வை இந்த முறையில் குறிப்பிட்டுப் பார்க்கலாம். தனிமனிதர் பெயருக்குப் பதில் சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் பெயர்; பிறகு தலைப்பு; பிறகு உலக சுகாதார நிறுவன இதழின் சுருக்கப் பெயர்; கடைசியில் 1959;21(1):51-144. ஆண்டு, தொகுதி, இதழ் எண், பக்கங்கள் என்று அந்த எண்கோவையைப் படிக்கத் தெரிந்தவருக்கு, இது தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் நீளும் முழுமையான ஆய்வறிக்கை என்பது இதழைத் திறக்காமலே விளங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான ஒரு மேற்கோளும் உண்டு. 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் ஓபியாய்டு வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு போதைப் பழக்கம் இல்லாதிருந்து பிறகு அடிமையானதாக ஓரளவு உறுதியாகத் தெரிந்தவர்கள் நான்கு பேர் மட்டுமே என்றது கடிதம். அதன் பேச்சு முழுவதும் மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்களைப் பற்றியது; வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 2017-இல் கனடா ஆய்வாளர்கள் இந்தக் கடிதம் மேற்கோளாக வந்த இடங்களை எண்ணினார்கள். மொத்தம் 608. அவற்றில் 72.2 விழுக்காடு, ஓபியாய்டுகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்கு இதையே சான்றாக்கியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 80.8 விழுக்காடு குறிப்பிடவே இல்லை. வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இப்படித் திரிந்து பரவிய மேற்கோளும் துணைபோனது என்பது அவர்களுடைய முடிவு.

அப்படியானால் வடிவத்தால் என்ன பயன், அந்த மேற்கோள்களும் ஒழுங்கான வடிவத்தில்தானே இருந்திருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வான்கூவர் முறைப்படி அந்தக் கடிதத்தின் விவரத்தை முழுமையாக எழுதினால், தலைப்பை அடுத்து 'கடிதம்' என்ற குறிப்பு வர வேண்டும். பக்கம் 123 என்று ஒற்றை எண்தான் நிற்கும். 51-144 என்பதற்கும் 123 என்பதற்கும் உள்ள வேறுபாடே ஓர் எச்சரிக்கை. வடிவம் அந்த எச்சரிக்கையைத் தருகிறது. மூலத்தை எடுத்துப் படிக்காமல் இன்னொருவர் பட்டியலிலிருந்து வரியைப் பெயர்த்துக்கொள்பவர் அதைக் கண்டுகொள்வதில்லை. இது அந்தக் கடிதத்தோடு நின்ற கதையும் அல்ல. மருத்துவ இதழ்களின் மேற்கோள்களை மூலத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த ஒரு மதிப்பீடு, ஏறத்தாழ நான்கில் ஒரு மேற்கோள் மூலத்தோடு ஏதோ ஒரு வகையில் முரண்படுவதாகக் கண்டது.

இன்னொரு மறுப்பு, இதெல்லாம் மென்பொருளின் வேலை என்பது. ஸோட்டெரோ, எண்ட்நோட் போன்றவை ஒரு சொடுக்கில் பட்டியலை வடிவமைத்துவிடும். டிஓஐ என்ற நிலையான இலக்க அடையாளம் இருக்கும்போது தொகுதியும் பக்கமும் எதற்கு? மென்பொருளைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ஆனால் உள்ளே பிழையான விவரம் இருந்தால் அது பிழையைத்தான் நேர்த்தியாக அடுக்கித் தரும். டிஓஐ-யில் ஓர் எழுத்து மாறினாலும் இணைப்பு உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்காது. ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் இருந்தால், கதவு எண் பிழையான கடிதத்தைத் தெருப் பெயரையும் ஆள் பெயரையும் வைத்துத் தபால்காரர் சேர்ப்பதுபோல, மூலத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இதழுக்கு இதழ் சிறுசிறு விதிகள் மாறுவது வீண் உழைப்பு என்ற முறையீடு மட்டும் முழுக்க நியாயமானது. முதல் முறை அனுப்பும்போது எந்த வடிவமானாலும் சரி என்று சில பதிப்பகங்கள் தளர்த்தியிருப்பது நல்ல மாற்றம்.

தளர்த்தக் கூடாதது சரிபார்ப்பு. வடிவம் சரியாக இருந்தால் மூலமும் இருக்கும் என்ற பழைய நம்பிக்கையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் உடைத்துவிட்டன. இல்லாத கட்டுரைக்கும் அவை ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம், டிஓஐ எல்லாம் பொருத்தி, புள்ளி பிசகாத மேற்கோளைத் தரக்கூடியவை. ஆக, வடிவம் சுத்தமாக இருப்பது மூலம் இருப்பதற்கே அத்தாட்சி ஆகாது. மூலம் உண்மையில் இருந்தாலும் அது திரும்பப் பெறப்பட்டதாக இருக்கலாம். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. வான்கூவர் குழுவின் வழிவந்த சர்வதேச மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் குழு இதற்குத் தெளிவாக விதி வைத்திருக்கிறது: மேற்கோள் விவரங்களை பப்மெட் போன்ற தரவுத்தளத்திலோ மூல அச்சிலோ சரிபார்க்க வேண்டும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைச் சான்றாகக் காட்டவில்லை என்பதை உறுதிசெய்வது கட்டுரை ஆசிரியரின் கடமை, செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை முதன்மைச் சான்றாகக் காட்டக் கூடாது.

அரைப்புள்ளியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். அந்த ஆய்வு யாரைப் பற்றியது, எத்தனை பேரைப் பார்த்தது, தான் எழுதும் வாக்கியத்துக்கு அது உண்மையில் இடம்தருகிறதா என்ற கேள்விகளை ஒப்படைக்க முடியாது. ஆய்விதழ்கள் நிறுத்தக்குறிகளில் காட்டும் கண்டிப்பைக் குறைத்து, ஒவ்வோர் ஆசிரியரும் தம் முக்கிய மேற்கோள்களை மூலத்திலேயே படித்ததாக எழுத்தில் உறுதிதரக் கேட்டால், அதே உழைப்புக்கு நோயாளிகளுக்கு அதிக நன்மை கிடைக்கும்.