மொட்டையை யாரும் கேட்பது இல்லை!

திருவண்ணாமலையில் மொட்டைத் தலையை யாரும் உற்றுப் பார்ப்பது இல்லை. 1896-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி இந்த ஊருக்கு வந்த ரமண மகரிஷியும் அன்றே அய்யங்குளக் கரையில் முடியை மழித்துக்கொண்டார்.

ஆனால், ஒரு பெண்ணின் உச்சந்தலையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு முடி இல்லையா? "என்ன ஆச்சு, புழுவெட்டா?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். அவள் பதில் சொல்ல மாட்டாள். பிடுங்கியது அவள் கைதான்!

அடங்காத விரல்

படிக்கும்போதும், டெலிவிஷன் பார்க்கும்போதும் விரல் தலைக்குள் போகும். சொரசொரப்பான ஒரு முடியைத் தேடும். அதைப் பிடுங்கும்வரை மனம் அடங்காது. பிடுங்கியதும் நிம்மதி. அடுத்த நிமிடமே வெட்கம். சிலர் புருவத்தையும் விட்டு வைப்பது இல்லை.

இது திமிர் அல்ல, பைத்தியமும் அல்ல. 1889-ல் பிரெஞ்சு டாக்டர் ஆலப்போ இதற்கு 'டிரைக்கோட்டிலோமேனியா' என்று பெயர் வைத்தார். பைத்தியத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அதில் சேர்த்துவிட்டார். அந்தப் பழிதான் இன்னும் போகவில்லை. நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இது இருக்கலாம் என்பது டாக்டர்கள் கணக்கு. பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது.

எண்ணெய்க் குளியலுக்குப் பயம்

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்க அம்மா கூப்பிட்டால், "நானே தேய்த்துக் கொள்கிறேன்" என்பாள் மகள். வகிட்டை மாற்றி எடுப்பாள். பூவைக் கனமாக வைப்பாள். கிரிவலத்தில் காற்று அடித்தால் கை தலைக்குப் போகும். இந்தப் பழக்கம் உள்ள ஆண்களுக்கோ முடிவெட்டும் கடை என்றாலே நடுக்கம்!

"மொட்டை போட்டால் சரியாகிவிடும்" என்று வேண்டிக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு. வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. ஆனால் முடி வளர்ந்ததும், விரலும் திரும்பி வந்துவிடலாம்.

பிடுங்கிய முடியைத் தின்பவர்களும் இருக்கிறார்கள். முடி செரிக்காது. 2020 ஜனவரியில் கோவையில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றில் இருந்து அரை கிலோ முடியையும், காலி ஷாம்பு பாக்கெட்டுகளையும் டாக்டர்கள் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நெருங்கிய உறவினர் இறந்த துக்கம் அவளை வாட்டியதாம்.

என்ன செய்யலாம்?

1973-ல் அமெரிக்காவில் அஸ்ரின், நன் என்ற இருவர் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். கை எப்போது தலைக்குப் போகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். போகும்போதே விரல்களை இறுக மூடி, சிறிது நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. பழக நாள் ஆகும்.

"கையை எடு!" என்று வீட்டார் அதட்டினால், பிடுங்குவது நிற்காது. கதவுக்குப் பின்னால் நடக்கும், அவ்வளவுதான்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்து, காசு இல்லாமல் தமிழிலேயே பேசலாம். சீக்கிரம் போவது நல்லது. பிடுங்கிய முடி பெரும்பாலும் மறுபடி முளைக்கும். பல வருடம் பிடுங்கினால்தான் வேர் கெட்டுப்போகும்.